ஐடில் 1600லயே நிக்குதா? ஸ்க்ரூவ தொடாதீங்க ப்ரோ

2009 ஆல்ட்டோ, த்ராட்டில் பாடி (இன்ஜினுக்குள்ள போற காத்த கட்டுப்படுத்துற பாகம்) கிளீன் பண்ணினதுல இருந்து வண்டி நல்லா சூடான பிறகும் ஐடில்ல, அதாவது ஆக்சிலரேட்டர மிதிக்காம நிக்கும்போது, 1600 ஆர்பிஎம்ல கத்துது, த்ராட்டில் எவ்வளவு மூடணும்னு நிறுத்துற ஸ்டாப் ஸ்க்ரூவ திருப்பி குறைச்சிடலாம்னு மெக்கானிக் சொல்றாருன்னு எழுதியிருக்கீங்க. தயவுசெஞ்சு திருப்ப விடாதீங்க, அது ஃபேக்டரி செட்டிங், கலைஞ்சா அப்புறம் சரியா வைக்கிறது பெரும்பாடு.

காலையில குளிர்ல 1500 வரைக்கும் போறது நார்மல்தான், சூடானா 800–900க்கு இறங்கணும், இறங்கலன்னா எங்கயோ எக்ஸ்ட்ரா காத்து உள்ள போகுது. கிளீன் பண்ணப்புறம் வந்ததால மொதல்ல கழட்டி மாட்டின இடத்தையே பாருங்க: ஆக்சிலரேட்டர் கேபிள்ல கொஞ்சம் லூஸ் இருக்கா (இருக்கணும், டைட்டா இழுத்துட்டிருக்கக் கூடாது), த்ராட்டில் பாடி கேஸ்கெட் (காத்து கசியாம நடுவுல வைக்கிற ஷீட்) பழசையே போட்டாங்களா, பிசிவி ஹோஸ் (இன்ஜின் உள்ள சேர்ற புகைய திரும்ப காத்து போற வழிக்கு கொண்டு போற குழாய்) விரிசல் விட்டிருக்கா. இன்ஜின் ஓடும்போது பிசிவி ஹோஸையும் பிரேக் பூஸ்டர் (பெடல மிதிக்க லேசாக்குற பாகம்) ஹோஸையும் துணி சுத்தின பிளையரால ஒண்ணொண்ணா மெதுவா அமுக்குங்க, எத அமுக்கும்போது ஐடில் சட்டுன்னு இறங்குதோ அந்தப் பக்கம்தான் சந்தேகம். கேஸ்கெட் ஓரத்துல சோப்பு தண்ணி தெளிச்சா போதும், சவுண்ட் மாறினா அங்கதான் லீக், சூடான இன்ஜின் மேல கார்ப் கிளீனர் மட்டும் அடிக்காதீங்க, தீ பிடிச்சிடும்.

இதெல்லாம் ஓகேன்னா ஐடில்ல காத்த அளந்து விடுற ஐடில் வால்வு கார்பன்ல சிக்கியிருக்கலாம். இல்லன்னா ஸ்கேனர்ல கூலன்ட் டெம்பரேச்சர் பாருங்க, இன்ஜின் கொதிக்க கொதிக்க இருக்கும்போது 30 டிகிரின்னு காட்டினா சென்சர்தான், இசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) இன்னும் குளிர்னு நினைச்சு ஏத்தி விடுது.

பிரேக் பெடல் கல்லு மாதிரி இருந்தா வண்டிய எடுக்காதீங்க, பூஸ்டர் ஹோஸ மொதல்ல பாருங்க.