டனல் வேறு, குறியாக்கம் வேறு: விபிஎன் நெறிமுறைகள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி (கல்லூரி மாணவி): ஐயா, விபிஎன்னில் டனல் என்று சொல்லப்படுவது உண்மையில் என்ன?

பதில்: பொது இணையத்தின் மேல் அமைக்கும் தனி வலையமைப்பே விபிஎன். அதில் உங்கள் கணினி உருவாக்கும் பாக்கெட்டை, அதாவது தரவின் சிறு பொதியை, முழுமையாக இன்னொரு பாக்கெட்டின் வயிற்றுக்குள் வைத்து அனுப்புவதே டனல். வழியிலுள்ள ரவுட்டர்கள் வெளித் தலைப்பகுதியில் எழுதப்பட்ட முகவரியை மட்டும் பார்த்து அதைக் கடத்திவிடுகின்றன. மறுமுனையில் மேலுறை கழற்றப்பட்டதும் உள்ளிருக்கும் பாக்கெட் தன் வழியில் செல்கிறது. இதுவரை ரகசியம் என்ற பேச்சே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். உள்ளிருப்பதைப் பிறர் படிக்க முடியாமல் செய்வது குறியாக்கத்தின் வேலை.

கேள்வி (சிறு அலுவலகம் நடத்துபவர்): எங்கள் ரவுட்டரில் எல்2டிபி என்ற டனல் நெறிமுறை மட்டும் இயங்குகிறது. அது போதுமா?

பதில்: போதாது. பிபிடிபி, சிஸ்கோ நிறுவனத்தின் எல்2எஃப் ஆகிய இரண்டு பழைய டனல் நெறிமுறைகளின் கூறுகளையும் இணைத்து 1999இல் ஆர்எஃப்சி 2661 என்ற இணையத் தர ஆவணமாக வெளிவந்த எல்2டிபிக்குத் தனக்கென்று குறியாக்கமே கிடையாது. ஆகவே அதை, பாக்கெட்டுகளைப் பாதுகாக்கும் ஐபிசெக் நெறிமுறைகளுடன் சேர்த்தே இயக்க வேண்டும். ஐபிசெக்கிலும் ஏஎச் என்ற முறை பாக்கெட் திருத்தப்படவில்லை என்று உறுதி செய்யுமே தவிர உள்ளடக்கத்தை மறைக்காது. மறைப்பதற்கு ஐபிசெக்கின் இன்னொரு முறையான ஈஎஸ்பி தேவை. ஊழியர் அனைவருக்கும் ஒரே பகிர்வுச் சாவியைக் கொடுத்திருந்தால் அதையும் மாற்றுங்கள், ஏனெனில் அந்தச் சாவியை அறிந்த எவரும் உங்கள் சர்வரைப் போல நடித்து இன்னோர் ஊழியரை ஏமாற்ற முடியும்.

கேள்வி (பெயர் குறிப்பிடாதவர்): பழைய பிபிடிபியையே பயன்படுத்துகிறேன். கடவுச்சொல் 20 எழுத்துகள் கொண்டது. அப்படியும் ஆபத்தா?

பதில்: ஆம், ஆபத்துதான். பிபிடிபியில் வழக்கமாகப் பயன்படும் எம்எஸ்-சாப் என்ற உள்நுழைவுச் சரிபார்ப்பு முறையின் 2ஆம் பதிப்பு, கடவுச்சொல்லிலிருந்து கணக்கிட்டுப் பெறும் ஹாஷ் என்ற 16 பைட் கோவையை 7, 7, 2 பைட் என்று துண்டாக்கி, டெஸ் என்ற பழைய குறியாக்க முறையின் மூன்று சாவிகளாகப் பயன்படுத்துகிறது. கடைசித் துண்டு நொடியில் உடைந்துவிடும். முதல் இரண்டு துண்டுகளும் ஒரே தரவையே குறியாக்குவதால் சாத்தியமான 56 பிட் சாவிகள் அனைத்தையும் ஒரே ஒரு முறை தேடினால் இரண்டும் அகப்பட்டுவிடுகின்றன. 2012 டெஃப்கான் ஹேக்கர் மாநாட்டில் பாதுகாப்பு ஆய்வாளர்கள் மாக்ஸி மார்லின்ஸ்பைக்கும் டேவிட் ஹல்டனும் இதைச் செய்து காட்டினார்கள். தேடப்படுவது ஹாஷ்தான் என்பதால் கடவுச்சொல்லின் நீளம் இங்கே உங்களைக் காப்பாற்றாது. ஆப்பிள் 2016இல் ஐஓஎஸ் 10 பதிப்பிலேயே பிபிடிபியை நீக்கிவிட்டது. நீங்களும் இன்றே கைவிடுங்கள் என்று அக்கறையோடு கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி (வலையமைப்புப் பொறியாளர்): ஓப்பன்விபிஎன், வயர்கார்டு ஆகிய விபிஎன் நெறிமுறைகளில் எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: புதிதாக அமைப்பவருக்கு வயர்கார்டையே பரிந்துரைப்பேன். ஜேசன் டோனன்ஃபெல்ட் உருவாக்கி, 2020 மார்ச்சில் லினக்ஸ் 5.6 கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதியில்) சேர்ந்த இதன் மையநிரல் ஏறத்தாழ 4,000 வரிகள்தான் என்பதால் ஒருவரே உட்கார்ந்து படித்துச் சரிபார்க்க முடியும். இதன் குறியாக்க முறைகளும் சாசா20, கர்வ்25519 என்று முன்பே தீர்மானிக்கப்பட்டவை; பலவீனமான முறையைத் தவறுதலாகத் தேர்ந்தெடுக்க வழியே இல்லை. வயர்கார்டு பயன்படுத்தும் யுடிபி (பாக்கெட் சேர்ந்ததா என்று பார்க்காமல் அனுப்பும் முறை) முழுவதும் தடுக்கப்பட்ட இடங்களில் மட்டும், டிசிபி (தொலைந்த பாக்கெட்டை மறுபடி அனுப்பும் முறை) 443ஆம் போர்ட் வழியாக இயங்கக்கூடிய ஓப்பன்விபிஎன் கைகொடுக்கும்.

கேள்வி (அதே பொறியாளர்): அப்படியானால் எப்போதும் டிசிபியிலேயே இயக்கலாமே?

பதில்: வேண்டாம். உள்ளேயும் டிசிபி, வெளியேயும் டிசிபி என்றால் ஒரு பாக்கெட் தொலைந்ததும் இரண்டு அடுக்குகளும் தனித்தனியே மறுபடி அனுப்ப முற்பட்டு, வேகம் சரிந்துவிடும்.

கேள்வி (வீட்டிலிருந்து பணிபுரிபவர்): விபிஎன் இணைகிறது, பிங் வருகிறது, ஆனால் பெரிய கோப்புகள் பாதியில் நின்றுவிடுகின்றன. ஏன்?

பதில்: மேலுறைக்கும் இடம் வேண்டும் அல்லவா? வயர்கார்டு ஐபிவி4இல் 60 பைட்டும் ஐபிவி6இல் 80 பைட்டும் கூடுதலாக எடுத்துக்கொள்வதால்தான், ஈதர்நெட்டின் வழக்கமான 1500 பைட்டில் 80 போக, அதன் வழக்கமான எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) 1420 என்று வைக்கப்படுகிறது. உங்கள் இணைய இணைப்பு பிபிபிஓஈ என்ற முறையில் வந்தால் தொடக்கமே 1492தான். பாக்கெட் பெரிதாகிவிட்டது என்று சொல்லும் ஐசிஎம்பி செய்தியை வழியில் ஏதோ ஒரு ஃபயர்வால் தடுத்தால், இணைப்பைச் சோதிக்கும் சிறிய பிங் போய்ச் சேரும், பெரிய பாக்கெட் சத்தமில்லாமல் மறையும். முதலில் எம்டியுவை 1280 ஆக்கிப் பாருங்கள். சரியானால் படிப்படியாக உயர்த்துங்கள்.

கேள்வி (அடிக்கடிப் பயணம் செய்பவர்): விடுதி வைஃபையில் விபிஎன் இணைந்திருக்கிறது என்று திரையில் காட்டினால் நம்பலாமா?

பதில்: முழுமையாக நம்ப வேண்டாம். 2024 மே மாதம் வெளியான டனல்விஷன் என்ற தாக்குதலில், உள்ளூர் வலையமைப்பிலுள்ள ஒருவர் கணினிகளுக்கு முகவரி வழங்கும் டிஎச்சிபி நெறிமுறையின் 121ஆம் விருப்பம் வழியாகத் தனக்கு வேண்டிய ரூட்டுகளை (பாக்கெட் செல்ல வேண்டிய பாதைகளை) உங்கள் கணினிக்குள் புகுத்திவிடுகிறார். குறியாக்கம் உடைவதில்லை, போக்குவரத்து டனலுக்குள் நுழையாமலே வெளியே போகிறது, திரையோ இணைந்திருப்பதாகவே காட்டுகிறது. ஆண்ட்ராய்டு அந்த விருப்பத்தை ஏற்பதில்லை என்பதால் இதில் சிக்குவதில்லை. மடிக்கணினியில் முக்கியமான வேலை இருந்தால், விடுதி வைஃபையை விட்டு உங்கள் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைந்து, அதன் மேல் விபிஎன்னை இயக்குங்கள்.