குழியும் சதுரமும் ஜெபப் போர்வையும்

கேள்வி: அமெரிக்கத் திருச்சபைகளில் ஜெபித்தபடியே வண்ணப் போர்வை பின்னி நோயாளிகளுக்குக் கொடுக்கிறார்களே, அதுபோல நானும் குரோஷேயில் (கொக்கி ஊசியால் நூல் பின்னும் கலை) தொடங்கினேன். இணைத்துப் போர்வையாக்கப் பின்னும் சதுரங்கள் கிண்ணம்போல் குழிகின்றன. ஏன்?

பதில்: மூலைகளைப் பாருங்கள். ஒவ்வொரு மூலையிலும் மும்மூன்று டபுள் குரோஷேயாக (ஊசியில் ஒருமுறை நூல் சுற்றிப் போடும் உயரமான தையல்) இரண்டு கொத்து, நடுவே 2 சங்கிலித் தையல் வேண்டும். சங்கிலி குறைந்தாலோ இறுகினாலோ சதுரம் குழிந்துவிடும். சுற்றுக்கொருமுறை திருப்பிப் பின்னினால் ஒரு பக்கமாகச் சாயாது. அந்த மும்மூன்றிலேயே திரித்துவத்தை (பிதா, குமாரன், பரிசுத்த ஆவி) நினைத்து ஜெபிப்பவர்கள் உண்டு, நல்ல பழக்கம்.

4 இழை அக்ரிலிக் நூல், 5 மி.மீ. ஊசி என்றால் 5 சுற்றில் சுமார் 15 செ.மீ. வரும். 6-க்கு 8 என 48 சதுரங்களை இணைத்தால் 90-க்கு 120 செ.மீ.; சக்கர நாற்காலியில் இருப்பவர் மடிக்கு அது தாராளம். கம்பளி நூல் வேண்டாம், மெஷினில் துவைத்தால் சுருங்கும். நிறம் மாற்றும்போது 15 செ.மீ. நூல் விட்டு, முன்னும் பின்னுமாகக் கோத்து மறையுங்கள். வெறும் முடிச்சு சலவையில் அவிழும்.

கொடுக்குமுன் அவருக்கு விருப்பமா என்று கேளுங்கள். பிரசங்கம் தேவையில்லை, பாரம் சுமப்பவர்களை இளைப்பாற இயேசு அழைக்கும் பைபிள் வசனம், மத்தேயு 11:28, எழுதிய சிறு அட்டை போதும். அதன் பின்புறம் 'சூடான இஸ்திரி கூடாது' என்றும் எழுதுங்கள், அக்ரிலிக் உருகிவிடும்.