ஸ்ட்ராஸ்பூர்க் கனவோடு எழுதிய சட்ட மாணவருக்கு

தம்பி, ஸ்ட்ராஸ்பூர்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தில் வேலை செய்ய ஆசை, எதிலிருந்து படிக்கத் தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். வேலை விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அங்கு நிரந்தர வழக்கறிஞர் பணிக்கு, அந்த நீதிமன்றம் சார்ந்த ஐரோப்பிய கவுன்சில் என்ற அமைப்பின் 46 உறுப்பு நாடுகளில் ஒன்றின் குடியுரிமை வேண்டும். இந்தியக் குடியுரிமையை மட்டும் வைத்துக்கொண்டு அதை நம்பி அப்பாவைக் கல்விக்கடன் வாங்க வைக்காதீர்கள். அந்த நீதிமன்றத்தின் சட்டம் தெரிந்தவர்களுக்கு அகதி வழக்குகளில் தேவை இருக்கிறது. இலங்கைத் தமிழர் ஒருவரை பிரிட்டன் திருப்பி அனுப்பக்கூடாது என்று 2008-இல் சொன்னது இதே நீதிமன்றம்தான்.

சித்திரவதை, கருத்துரிமை என்றே எல்லோரும் படிக்கத் தொடங்குகிறார்கள். அங்கு போகும் மனுக்களில் மிகப் பெரும்பாலானவை அந்தக் கேள்விகள் வரைக்கும் போவதே இல்லை. ஒற்றை நீதிபதியே தள்ளுபடி செய்துவிடலாம், மேல்முறையீடு கிடையாது. அதனால் நீங்கள் வாசலிலிருந்து, அதாவது நீதிமன்றம் ஒரு மனுவை விசாரிக்க எடுக்குமா என்பதிலிருந்து தொடங்குங்கள்.

அதிகார வரம்பில் யார் மீது, எதைப் பற்றி, எப்போது, எங்கே என நான்கு கேள்விகள். ‘எப்போது’க்கு ரஷ்யாவைப் பாருங்கள்: ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையில் அது இருந்த 2022 செப்டம்பர் 16 வரை நடந்தவற்றுக்கு மட்டுமே அதன்மேல் வழக்கு. ‘எங்கே’தான் சிக்கலானது. 1999-இல் செர்பியத் தலைநகர் பெல்கிரேடின் தொலைக்காட்சி நிலையத்தின் மீது நேட்டோ ராணுவக் கூட்டணி நாடுகள் குண்டு வீசின. வானிலிருந்து குண்டு போட்டதாலேயே அங்கிருந்தவர்கள் அந்நாடுகளின் அதிகாரத்துக்குள் வந்துவிட மாட்டார்கள் என்று 2001-இல் மனு தள்ளப்பட்டது. பாஸ்ராவில் பிரிட்டிஷ் படையினரின் நடவடிக்கைகளில் ஈராக்கியர்கள் கொல்லப்பட்ட வழக்கிலோ, அங்கே பாதுகாப்புப் பொறுப்பு பிரிட்டன் கையில் இருந்ததால் அதிகாரம் உண்டு என்று 2011-இல் தீர்ப்பு. இரண்டும் ஒத்துப்போகின்றனவா? எனக்கு முழுத் திருப்தி இல்லை.

அடுத்தது மனு ஏற்கத்தக்கதா என்பது. உள்நாட்டு நீதிமன்றங்களை முழுக்கப் பார்த்திருக்க வேண்டும். இறுதி முடிவிலிருந்து நான்கு மாதத்துக்குள் வர வேண்டும் (2022 பிப்ரவரிக்கு முன் ஆறு மாதம்). மனுதாரரே பாதிக்கப்பட்டவராக இருக்க வேண்டும்.

காலநிலை மாற்றத்தைத் தடுக்க அரசுகள் போதுமானதைச் செய்யவில்லை என்று தொடுக்கப்பட்டு, 2024 ஏப்ரல் 9 அன்று முடிவு வந்த மூன்று வழக்குகளைச் சேர்த்துப் படியுங்கள். போர்ச்சுகல் இளைஞர்கள் ஆறு பேர் 33 நாடுகள் மீது போட்ட மனு விழுந்தது: மற்ற நாடுகள் மீது அதிகார வரம்பு இல்லை, சொந்த நாட்டிலோ வழக்கே தொடுக்கவில்லை. பிரான்ஸில் ஒரு நகரத்தின் முன்னாள் மேயர் ஒருவர் பிரஸ்ஸல்ஸுக்குக் குடிபெயர்ந்துவிட்டதால் பாதிக்கப்பட்டவராக ஏற்கப்படவில்லை. சுவிஸ் மூதாட்டிகள் சங்கம் வென்றது. அதே வழக்கில் தனியாக வந்த நான்கு பெண்களின் மனு ஏற்கப்படவில்லை.

மூன்றுமே நீதிமன்றத்தின் ஹூடாக் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். போர்ச்சுகல் முடிவைப் படித்து, மனுதாரர் தரப்பில் நின்று இரண்டு பக்கம் எழுதி அனுப்புங்கள். எந்த நாட்டில் மேற்படிப்பு என்பதை அதன் பிறகு பேசலாம்.