தட்டினால் படபடப்பு அடங்குமா?

கேள்வி: பதற்றம் குறைய, முகத்திலும் உடம்பிலும் சில இடங்களை விரலால் தட்டும் தட்டல் சிகிச்சையை வீட்டிலேயே செய்து பார்க்க ஆசை. வீடியோக்களில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி செய்கிறார்கள். எது சரி?

பதில்: முதலில் எதை நினைத்துத் தட்டப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். ஒன்றே ஒன்று போதும். அதை நினைத்ததும் உடம்பில் எங்கே இறுகுகிறது என்று கவனித்து, 0 முதல் 10 வரை ஒரு மதிப்பெண் போடுங்கள். 0 என்றால் ஒன்றுமில்லை, 10 என்றால் தாங்க முடியவில்லை.

இப்போது ஒரு கையின் சுண்டுவிரலுக்குக் கீழே இருக்கும் சதைப்பற்றான ஓரத்தை மறுகையின் இரண்டு மூன்று விரல் நுனிகளால் தட்டிக்கொண்டே, “இந்தப் படபடப்பு இருந்தாலும் என்னை நான் ஏற்றுக்கொள்கிறேன்” என்பது போன்ற ஒரு வாக்கியத்தை மூன்று முறை சொல்லுங்கள். அப்புறம் இந்த இடங்கள்: புருவம் மூக்கை ஒட்டித் தொடங்கும் முனை, கண்ணின் வெளி ஓரத்து எலும்பு, கண்ணுக்குக் கீழ் எலும்பு, மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே, கீழுதட்டுக்குக் கீழுள்ள பள்ளம், காறை எலும்புக்குச் சற்றுக் கீழே, அக்குளுக்கு நான்கு விரற்கடை கீழே, கடைசியாக உச்சந்தலை. ஒவ்வோர் இடத்திலும் ஐந்து முதல் ஏழு தட்டு. தட்டும்போது “இந்தப் படபடப்பு” என்று பிரச்சினையை ஞாபகப்படுத்தும் ஓரிரு வார்த்தை. மேஜையில் விரலால் தாளம் போடும் அழுத்தம் போதும், கன்னம் சிவக்க வேண்டியதில்லை. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம். மூச்சை நிதானமாக விட்டுவிட்டு மதிப்பெண்ணை மறுபடி பாருங்கள்.

சிலர் உச்சந்தலையில் தொடங்குவார்கள், சிலர் அக்குளை விட்டுவிடுவார்கள். நீங்கள் ஒரு வரிசையைப் பிடித்துக்கொண்டு அதையே செய்யுங்கள். அடுத்து எங்கே தட்டுவது என்று யோசிக்க வேண்டியிராது.

கேள்வி: “ஆழமாகவும் முழுமையாகவும் என்னை ஏற்றுக்கொள்கிறேன்” என்று சொல்லும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. மனதுக்குத் தெரியும், நான் அப்படி ஏற்றுக்கொள்ளவில்லை என்று.

பதில்: சிரிப்பு வருவது நியாயம்தான். அது ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வாக்கியம். அப்படியே தமிழாக்கினால் நாடக வசனம் மாதிரி ஆகிவிடுகிறது. மந்திரம் இல்லையே, மாற்றிக்கொள்ளலாம். “கோபமாகத்தான் இருக்கிறது. சரி, இருக்கட்டும்” என்று சொல்லிப் பாருங்கள். என்னிடம் வருகிறவர்களில் பலருக்கு அந்த ‘இருக்கட்டும்’ சட்டென்று தோளை இறக்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அதுவும் பொய்யாகப் பட்டால், “என்னை எனக்கே பிடிக்கவில்லை, அதையும் இப்போதைக்கு ஒத்துக்கொள்கிறேன்” என்று சொல்லலாம். வாக்கியத்தின் முதல் பாதியை, அதாவது பிரச்சினையைச் சொல்லும் பகுதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். ‘நான் அமைதியாக இருக்கிறேன், எல்லாம் நல்லபடி இருக்கிறது’ என்று மட்டும் சொல்லித் தட்டுபவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. இல்லாத அமைதியை இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தால், இருக்கிற பதற்றத்தை யார் கவனிப்பது?

கேள்வி: நான் பொறியாளர். உடம்பில் ஓடும் சக்திப் பாதை, அடைப்பு நீக்கம் என்றெல்லாம் சொன்னால் எனக்கு ஒட்டவில்லை. ஆனால் என் மனைவிக்கு இது பலன் தருகிறது. எப்படி?

பதில்: சுவையான தகவல் ஒன்று: இந்த முறைக்கு இன்றைய வடிவம் கொடுத்த கேரி கிரேக்கும் பொறியியல் படித்தவர்தான். தொடங்கியவர் ரோஜர் கலஹன் என்ற அமெரிக்க உளவியலாளர். தண்ணீரைக் கண்டாலே பயந்த ஒரு பெண்ணுக்குப் பல வழிகளில் முயன்று பார்த்துவிட்டு, 1980 வாக்கில் கண்ணுக்குக் கீழே தட்டச் சொன்னார், பயம் போய்விட்டது என்பது அவர் சொன்ன கதை. சீன மருத்துவத்தின் சக்திப் பாதைகளை வைத்து அதற்கு விளக்கம் கொடுத்து, ஒவ்வொரு பிரச்சினைக்கும் ஒவ்வொரு புள்ளி வரிசை வகுத்தார். அவரிடம் கற்ற கிரேக், 1990களில் எல்லாவற்றுக்கும் ஒரே வரிசை போதும் என்று சுருக்கிவிட்டார். அதுதான் இ.எஃப்.டி. (இமோஷனல் ஃப்ரீடம் டெக்னிக்ஸ்) என்ற இன்றைய தட்டல் முறை. எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி பொருந்துகிறது என்றால், சாவியின் பல்லில் இல்லை விஷயம் என்று அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அந்தச் சந்தேகத்தைச் சோதித்தவர்கள் உண்டு. 2003இல் வெளியான ஆய்வு ஒன்றில் வெயிட், ஹோல்டர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 119 மாணவர்களை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு முறைப்படி தட்டியது. இன்னொரு குழு கையில் சம்பந்தமில்லாத இடங்களில் தட்டியது. மூன்றாவது குழு ஒரு பொம்மையைத் தட்டியது! நான்காவது எதுவும் தட்டவில்லை. தட்டிய மூன்று குழுக்களுக்கும் பயம் குறைந்தது, ஏறக்குறைய ஒரே அளவில். சும்மா இருந்தவர்களுக்குக் குறையவில்லை.

தட்டலை ஆதரிப்பவர்கள் அடிக்கடி காட்டும் ஆய்வு 2012இல் வந்தது. 83 பேர். ஒரு மணி நேர அமர்வுக்குப் பிறகு, மன அழுத்தத்தோடு தொடர்புள்ள கார்ட்டிசால் ஹார்மோன் தட்டியவர்களுக்கு 24 சதவீதம் இறங்கியது. ஆறுதலாகப் பேசப்பட்டவர்களுக்கும் சும்மா இருந்தவர்களுக்கும் சுமார் 14 சதவீதம். இதைத் தலைமையேற்று நடத்தியவர் தட்டல் முறையைக் கற்பித்துப் பரப்புபவர் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

என் கணிப்பு இது. 0 முதல் 10 வரை போடும் மதிப்பெண் தட்டல்காரர்கள் கண்டுபிடித்தது அல்ல. ஜோசப் வோல்ப் என்ற மனநல மருத்துவர் 1969இல் அறிமுகப்படுத்திய அளவுகோலின் வாரிசு அது. அவருடைய சிகிச்சையின் சாரமும் இதுதான்: உடம்பைத் தளர்த்தி வைத்துக்கொண்டு, பயப்படும் விஷயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நினைத்துப் பார்ப்பது. தட்டலிலும் பதற்றத்துக்குப் பெயர் வைக்கிறோம், அதிலிருந்து ஓடாமல் நிற்கிறோம், கையும் கவனமும் ஒரு மெதுவான தாளத்தில் இருக்கின்றன. உங்கள் மனைவிக்குப் பலன் அங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறேன். அவரிடம் சக்திப் பாதையைப் பற்றி வாதாடிக்கொண்டிருக்காதீர்கள், பாவம்.

கேள்வி: வலது கையால் தட்ட வேண்டுமா, இடது கையாலா? புள்ளி தவறினால் கெடுதலா?

பதில்: எந்தக் கையும் சரி, எந்தப் பக்கமும் சரி. தவறினாலும் ஒன்றும் ஆகாது. மேலே சொன்ன பொம்மையை நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இரண்டு வாரமாக “என் மன அழுத்தம்” என்று தட்டுகிறேன். 8இல் இருந்து 7க்கு வருகிறது, அங்கேயே நிற்கிறது.

பதில்: ‘மன அழுத்தம்’ ஒரு மூட்டை. மூட்டையைத் தட்டினால் தூசிதான் பறக்கும், அவிழ்த்தால்தான் உள்ளே என்ன என்று தெரியும். நேற்று எந்த நிமிடத்தில் வயிறு சுருங்கியது? மேலாளர் “அப்புறம் பேசலாம்” என்று திரையைப் பார்த்தபடியே சொன்ன நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள்ளும் பல துண்டுகள் இருக்கும்: அந்தக் குரல், பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்துவிட்டார்களே என்ற கூச்சம், வேலை போய்விடுமோ என்ற பயம். ஒவ்வொன்றுக்கும் தனி மதிப்பெண் போட்டு, ஒவ்வொன்றாக எடுங்கள். குரல் 8, கூச்சம் 9, வேலைப் பயம் வெறும் 4 என்று வரலாம். வேலைதான் கவலை என்று இவ்வளவு நாள் நினைத்திருந்தால், அந்த எண்களே ஒரு செய்தி.

சிலசமயம் முதல் சுற்றில் எண் ஏறும். கூச்சத்தை நினைத்துத் தட்டும்போது பள்ளிக்கூடத்தில் நடந்த ஏதோ ஞாபகம் வந்து நிற்கும். அது லேசானது என்றால் அதையே எடுத்துக்கொள்ளலாம். கனமானது என்றால் அடுத்த பதிலைப் படியுங்கள்.

இன்னொன்று. நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்கும் இடத்தில் இருந்தால், அந்த அழுத்தம் தட்டிப் போகக்கூடியது அல்ல. அங்கே மாற வேண்டியது வேலை நேரம்.

கேள்வி: சிறுவயதில் எனக்கு நடந்த ஒரு கொடுமையை நினைத்துத் தட்டினேன். அழுகை நிற்கவில்லை, கை கால் நடுங்கியது. தொடரலாமா?

பதில்: வேண்டாம், தனியாகத் தொடராதீர்கள். நீங்கள் தவறாக எதுவும் செய்யவில்லை. அந்த நினைவு, ஒருவர் தனியாகத் திறக்கக் கூடாத அளவு கனமானது, அவ்வளவுதான். மறுபடி அப்படி ஆனால் தட்டுவதை நிறுத்திவிட்டுக் கண்ணைத் திறந்து வையுங்கள். பாதம் தரையில் பதிவதை உணருங்கள். அறையில் தெரியும் ஐந்து பொருள்களின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். நம்பிக்கையான ஒருவரைக் கூப்பிடுங்கள்.

பிறகு, இத்தகைய பாதிப்புகளில் பயிற்சி உள்ள உளவியலாளரைப் பாருங்கள். சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பேரதிர்ச்சிக்குப் பிந்தைய பாதிப்புக்கு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும், கண் அசைவைப் பயன்படுத்தும் இ.எம்.டி.ஆர். முறையும் பரிந்துரைக்கப்பட்டன. தட்டல், இன்னும் ஆய்வு தேவை என்ற பட்டியலில் இருந்தது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எப்போதாவது எட்டிப்பார்த்தால், காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள், அல்லது உதவி எண்ணை அழையுங்கள்.

கேள்வி: தட்டத் தொடங்கியதும் நன்றாக இருக்கிறது. பதற்றத்துக்கான மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். சில மாத்திரைகளைச் சட்டென்று விட்டால் பதற்றம் முன்பைவிட மோசமாகத் திரும்பி வரும். கொடுத்த மருத்துவரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறையுங்கள். அதேபோல் நெஞ்சு வலி, மூச்சுத்திணறல் என்றால் ‘பதற்றம்தான்’ என்று உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

கேள்வி: கூட்டத்தில் பேசுவதற்கு முன்தான் எனக்குத் தேவை. எல்லார் முன்னாலும் முகத்தில் தட்டிக்கொள்ள முடியுமா?

பதில்: முடியாது, வேண்டியதும் இல்லை. மேஜைக்கு அடியில் ஒரு கையின் ஓரத்தை மறுகை விரலால் அழுத்தியபடி, மனதுக்குள் “தொண்டை காய்கிறது, இருக்கட்டும்” என்று சொல்லிக்கொள்ளுங்கள். மூச்சை இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும். முந்தின நாள் இரவே, பேசும் காட்சியைக் கற்பனை செய்து நாலைந்து சுற்று தட்டிவிட்டால் இன்னும் நல்லது.

கேள்வி: இரண்டு சுற்று முடிவதற்குள் கொட்டாவி கொட்டாவியாக வருகிறது. ஏதாவது கோளாறா?

பதில்: இல்லை. தட்டுகிற பலருக்கு வரும். பகலில் என்றால் எழுந்து நாலடி நடந்துவிட்டு மதிப்பெண்ணைப் பாருங்கள். இரவு என்றால் மதிப்பெண் எல்லாம் எதற்கு, அப்படியே படுத்துவிடுங்கள்.