உறையாத தண்ணீர் எங்கே?

ஐயா, வணக்கம்.

ஜனவரியில் கனடாவில் ஸ்காபரோவிலுள்ள மகள் வீட்டுக்குப் போகிறேன். கொழும்புப் பக்கத்துத் தலங்கம குளத்திலும் பெத்தகானவிலும் பறவை பார்த்துப் பழகியவள் நான். "ஏரியெல்லாம் உறைஞ்சு கிடக்கும், பைனாகுலரை ஏன் காவிக்கொண்டு வாறீங்கள்?" என்று மகள் கேட்கிறாள். அவள் சொல்வது சரிதானா? உறைந்த ஏரியின் மேல் கொஞ்சத் தூரம் நடந்துபோய்ப் பார்க்கலாமா?

— க. சா., வெள்ளவத்தை

அன்புள்ள அம்மா,

பைனாகுலரைக் கட்டாயம் கொண்டுபோங்கள். ஸ்காபரோ இருப்பது ஒன்ராறியோ ஏரிக்கரையில். அந்த ஏரியின் சராசரி ஆழம் 86 மீற்றர். அவ்வளவு தண்ணீரும் கோடையில் வாங்கிய சூட்டை விட்டு முடிப்பதற்குள் குளிர்காலமே போய்விடும், அதனால் அது முழுக்க உறைவது மிக அரிது. பக்கத்து ஈரி ஏரியின் சராசரி ஆழம் 19 மீற்றர்தான், அது பல வருடங்களில் பெரும்பாலும் மூடிவிடுகிறது.

ஒன்ராறியோவில் உறைவது குடாக்களும் படகுத்துறைகளும் கரையோரமுமே. உள்ளூர்க் குளங்கள் முதலில் மூடிக்கொள்ளும். அங்கிருந்த வாத்துகள் எஞ்சியிருக்கும் திறந்த தண்ணீரில் வந்து குவியும். ஆகவே பறவையைத் தேடி அலையாமல் தண்ணீரைத் தேடுங்கள்: சிற்றாறு ஏரியில் விழும் வாய், மழைநீர் வடிகால் வந்து சேரும் இடம், பாலத்தடி, ஓட்டம் குறுகி வேகமெடுக்கும் இடம், படகைச் சுற்றி உறையாதிருக்கக் காற்றுக்குமிழி விடும் துறை. மகள் வீட்டுக்குக் கிட்ட பிளஃபர்ஸ் பார்க் இருக்கிறது. மேற்கே ஹம்பர் பே பார்க்கும் கேர்ணல் சாமுவேல் ஸ்மித் பார்க்கும் நல்லவை. காரில் கூட்டிப்போக ஆள் கிடைத்தால் பேர்லிங்டனில் உள்ள லசால் பார்க்குக்குப் போங்கள். அங்கே ட்ரம்பெட்டர் அன்னங்கள் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. அலகு முழுக்கக் கறுப்பு, சிலவற்றின் சிறகில் இலக்கமிட்ட மஞ்சள் அட்டை இருக்கும். இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

காற்றுத் திசையைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். ஸ்காபரோவைச் சேர்த்து ரொறன்ரோ நகரமே ஏரியின் வடகரையில் இருப்பதால் வடமேல் காற்று மிதக்கும் பனிக்கட்டியைக் கரையிலிருந்து தள்ளிக்கொண்டு போய்விடும், கரையோரத் தண்ணீர் திறக்கும். தெற்கிலிருந்தோ கிழக்கிலிருந்தோ அடித்தால் எல்லாம் கரையில் வந்து அடையும், வாத்துகள் தொலைவுக்குப் போய்விடும். அடுத்த தொல்லை வெயில். ஜனவரி நண்பகலிலும் அங்கே சூரியன் 25 பாகை அளவுக்குத்தான் எழும்பும், அதுவும் நீங்கள் பார்க்கும் தெற்குப் பக்கத்தில். பறவையெல்லாம் கறுப்பு நிழலாகத் தெரியும். காலையில் மேற்கு நோக்கிய குடாவிலும் பின்னேரம் கிழக்கு நோக்கியதிலும் நின்றால் வெயில் முதுகில் விழும். மேகமூட்டமான நாள் அதைவிட நல்லது.

கோல்டன்ஐ, பஃபிள்ஹெட், நீள்வால் வாத்து மூன்றும் மூழ்கி இரை தேடும் வாத்துகள். நம்மூர் முக்குளிப்பானைப் போல ஒன்று எழும்ப மற்றது மறையும். அதனால் ஒரே கூட்டத்தை நாலைந்து தரம் எண்ணி, வந்ததில் பெரிய எண்ணை எழுதுங்கள். ஆண் கோல்டன்ஐக்கு மஞ்சள் கண்ணுக்கும் அலகுக்கும் நடுவே வட்டமான வெள்ளைப் பொட்டு. நடுக்குளிரிலேயே அது சோடி தேடத் தொடங்கும். தலையைப் பின்னுக்கு மடித்து முதுகில் படவைத்து, அலகை வானத்துக்கு நிமிர்த்திக் காலால் தண்ணீரை உதைக்கும். அதைக் காணும்வரை அசையாமல் நிற்கலாம்.

நிற்பதற்குக் கால் ஒத்துழைக்க வேண்டுமே. -10 பாகைக் குளிரில் மணிக்கு 30 கி.மீ. காற்றடித்தால் உடம்புக்கு அது -20 போல இருக்கும். பருத்திக் காலுறை வியர்வையைப் பிடித்துவைத்துக் குளிரூட்டும், கம்பளிதான் சரி. பூட்ஸ் ஓர் அளவு பெரிதாக இருக்கட்டும், இறுக்கினால் விரல் விறைக்கும். நிற்கும் இடத்தில் ஒரு துண்டு ஃபோம் மெத்தை போட்டுக்கொள்ளுங்கள். மெல்லிய கையுறைக்கு மேல் விரல் பிரியாத தடித்த கையுறை. கமெரா கொண்டுபோனால் மாற்றுப் பற்றரியை உள்ஜக்கற்றில் வையுங்கள், குளிரில் அது சீக்கிரம் இறங்கும்.

ஹீற்றர் போட்ட காரின் திறந்த யன்னல் வழியே பார்க்காதீர்கள். சூட்டுக் காற்றும் குளிர்க் காற்றும் கலந்து உருவம் நெளியும், பைனாகுலர் பழுது என்று நினைப்பீர்கள். மூச்சைக் கீழ்நோக்கி விடுங்கள், இல்லாவிட்டால் கண்வில்லையில் உறைந்துவிடும். அதை விரலால் தேய்க்கவும் கூடாது, பூச்சு கீறும்.

பனிக்கட்டி மேல் நடப்பதா? வேண்டாம். 10 செ.மீ. தெளிந்த பனிக்கட்டி ஓர் ஆளைத் தாங்கும் என்பது பொதுக் கணக்கு. அது அசையாத தண்ணீருக்கு. ஓட்டம் உள்ள இடத்தில் தண்ணீர் அடியிலிருந்தே அரித்துக்கொண்டிருக்கும், மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. வாத்து நிற்கும் திறப்பின் ஓரம்தான் எங்கும் மெல்லிய பனிக்கட்டி. நீங்கள் கிட்டப் போய் அவை பறந்தாலும் கிட்டப் போவதற்கு வேறு திறந்த தண்ணீர் அதிகம் இருக்காது, தின்றதெல்லாம் அந்தப் பறப்பில் கரையும். தலைகளை நிமிர்த்தி விலகி நீந்தத் தொடங்கினால் நாலடி பின்வாங்குங்கள்.

வீட்டுக்குள் நுழையும் முன், வாசலிலேயே பைனாகுலரை ஒரு ஷொப்பிங் பையில் போட்டு வாயை இறுகக் கட்டிவிடுங்கள். உள்ளே இரண்டு மணித்தியாலம் கழித்து அவிழுங்கள், ஈரம் பையில் படியும், வில்லையில் படியாது. உள்ளே ஈரம் படியாதிருக்க நைட்ரஜன் வாயு நிரப்பாத பழைய பைனாகுலர் என்றால் இதைத் தவறவே விடக்கூடாது. உள்ளே புகுந்த ஈரத்தோடு கொழும்புக்கு வந்தால் மார்ச் மாதத்துக்குள் வில்லையில் பூஞ்சணம் பிடித்துவிடும்.