பல ஆண்டுகள் பதவியில் இருக்கும் கால்பந்துப் பயிற்சியாளரை ‘போய்விடுங்கள்’ என்று ரசிகர்கள் சொல்வது நன்றிகெட்ட செயலா?

இல்லை. நீங்கள் எந்த அணியின் ரசிகர் என்று கேள்வியில் இல்லை. ஆனால் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், ஒரு காலத்தில் கொண்டாடிய பயிற்சியாளரைப் பற்றி வாய்விட்டு ஏதோ சொல்லி, நண்பர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பீர்கள் என்று தோன்றுகிறது. நான் லண்டன் அணியான ஆர்சனலின் ரசிகன். 1996 முதல் 2018 வரை அதன் பயிற்சியாளராக இருந்த அர்சென் வெங்கர் விலக வேண்டும் என்று 2014-லிருந்தே சொல்லிக்கொண்டிருந்தவன். ‘உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்கிறாய்’ என்று என் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறார்கள்.

இங்கே பதிலுக்குக் கீழே வந்து வரலாற்றுப் பாடம் எடுப்பவர்களுக்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெங்கர் என்ன செய்தார் என்பது எனக்குத் தெரியும். 1996-ல் ஜப்பானின் நகோயா அணியிலிருந்து வந்தார். 1997-98 சீசனிலேயே இங்கிலாந்தின் லீக் பட்டம், நாக்-அவுட் போட்டியான எஃப்.ஏ. கோப்பை இரண்டையும் வென்றார். 2003-04-ல் 38 லீக் ஆட்டங்களில் 26 வெற்றி, 12 டிரா, தோல்வியே கிடையாது. ஹென்றியும் வியேராவும் பெர்காம்பும் ஆடிய அந்த ஆட்டத்தைப் பார்த்துத்தான் எனக்குக் கால்பந்துப் பைத்தியம் பிடித்தது. எங்கள் எமிரேட்ஸ் மைதானம் கட்டிய கடனை அடைக்க வேண்டியிருந்த ஆண்டுகளில் முக்கிய ஆட்டக்காரர் ஃபாப்ரெகாஸை விற்றார்கள், வான் பெர்சியை மான்செஸ்டர் யுனைடெட்டுக்கே விற்றார்கள். அதற்கெல்லாம் நான் அவரைக் குறை சொன்னதில்லை. 2011-ல் யுனைடெட்டிடம் 8-2 என்று தோற்றபோதுகூட, கையில் பணமில்லாத மனிதர் வேறு என்ன செய்வார் என்று அவருக்காக வாதாடினேன்.

என் மனம் மாறியது 2014 மார்ச் 22 அன்று. செல்சியின் மைதானத்தில் ஆட்டம், ஆர்சனலில் வெங்கரின் ஆயிரமாவது ஆட்டம். சென்னையில் மாலை ஆறேகால் மணி. எனக்கு ஆர்சனலை அறிமுகப்படுத்திய பெரியப்பா மகன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். ஐந்தாவது நிமிடத்தில் செல்சியின் எட்டோ ஒரு கோல், ஏழாவதில் ஷூர்லே, பதினேழாவதில் பெனால்டி. கோலுக்குப் போன பந்தைக் கையால் தடுத்தவர் எங்கள் அணியின் சேம்பர்லெய்ன். நடுவரோ எங்கள் இன்னொரு ஆட்டக்காரர் கிப்ஸுக்குச் சிவப்பு அட்டை காட்டினார். ‘தடுத்தது நான்தான்’ என்று சேம்பர்லெய்னே போய்ச் சொல்லியும் கிப்ஸைத்தான் வெளியே அனுப்பினார்கள். இடைவேளையில் 4-0, முடிவில் 6-0. ஆட்டம் முடிந்து வெங்கர் செய்தியாளர்களைச் சந்திக்கவே வரவில்லை.

“அண்ணா, இதோடு போதும். இந்த மனிதர் போக வேண்டும்” என்றேன். அண்ணன் டிவியை அணைத்துவிட்டு, “அவர் இல்லாவிட்டால் ஆர்சனல் என்ற பெயரே உனக்குத் தெரிந்திருக்காது. வாயை மூடு” என்றார். அதன் பிறகு கொஞ்ச காலம் நாங்கள் கால்பந்தைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

ஒரு தோல்விக்காகச் சொன்ன வார்த்தை இல்லை அது. அதே சீசனில் மான்செஸ்டர் சிட்டியிடம் 6-3, லிவர்பூலிடம் 5-1, அடுத்து இந்த 6-0. மூன்றிலும் ஒரே கதை. தடுப்பாட்டக்காரர்கள் முன்னேறிப் போய்விடுவார்கள், நடுக்களத்தில் பந்து பறிபோகும், பின்னால் திறந்து கிடக்கும் இடத்தில் எதிரணி ஓடிவந்து கோல் போடும். 2005-ல் போன வியேராவின் இடம் சரியாக நிரம்பவே இல்லை. முப்பத்திரண்டை எட்டிக்கொண்டிருந்த ஆர்டெட்டாவை அந்த இடத்தில் நிறுத்தி, சிட்டியிடம் வாங்கிய அடியை லிவர்பூலிடமும் வாங்கி, அதையே செல்சியிடமும் வாங்குவதா? ஒரு பயிற்சியாளர் தோற்பதை ரசிகன் பொறுத்துக்கொள்வான். தோற்ற விதத்திலிருந்து எதையும் எடுத்துக்கொள்ளாததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஹல் அணியை 3-2 என்று வென்று எஃப்.ஏ. கோப்பை வந்தது. உடனே வெங்கருக்கு மூன்று ஆண்டு ஒப்பந்தம். அது முடிந்த 2017-ல் பாருங்கள்: சாம்பியன்ஸ் லீக்கில், அதாவது ஐரோப்பாவின் பெரிய கிளப் போட்டியில், ஜெர்மனியின் பேயர்னிடம் இரண்டு ஆட்டத்திலும் சேர்த்து 10-2, லீக்கில் ஐந்தாம் இடம், கடைசியில் எஃப்.ஏ. கோப்பை, மறுபடி இரண்டு ஆண்டு ஒப்பந்தம். இடையில் 2015 கோடையில் கோல்கீப்பர் செக் ஒருவரைத் தவிர முதன்மை அணிக்கு என்று யாரையும் வாங்கவில்லை. அந்த சீசனில் சின்ன அணியான லெஸ்டர் பட்டம் வென்றது, லெஸ்டர்! நாம் இரண்டாம் இடம். அப்போது கடன் சாக்கும் இல்லை. 2013-லேயே ஓசிலுக்கு 42 மில்லியன் பவுண்டுக்கு மேல் கொடுத்தவர்கள்தானே.

‘சென்னையில் உட்கார்ந்துகொண்டு லண்டன் அணிக்கு யோசனை சொல்கிறாயா’ என்று கேட்பவர்கள் எப்போதும் உண்டு. இதைக் கேட்பவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி. எங்கள் பகுதியில் மாலையானால் பையன்கள் வெறுங்காலில் பந்து உதைத்த இடத்துக்கு வேலி போட்டு, டர்ஃப் என்று பெயர் வைத்து, மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்குகிறார்கள். காசில்லாத பையன்கள் கம்பிக்கு வெளியே நின்று பார்க்கிறார்கள். இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்கிறீர்களா? அந்தப் பையன்களுக்கு உள்ளூரில் ஒரு அணியைக் காட்டுங்கள், அதற்கும் நான் கத்துகிறேன். சரி, கேள்விக்கு வருகிறேன்.

‘அவர் போன பிறகு என்ன கிழித்தீர்கள், எட்டாம் இடம்தானே’ என்பார்கள். உண்மைதான், 2020-லும் 2021-லும் எட்டாம் இடம். 2014-ல் தொடங்கியிருக்க வேண்டிய பழுதுபார்ப்பை 2018-க்குத் தள்ளிப்போட்டால் வேறு எங்கே போய் நிற்கும்? தள்ளிப்போட்டதில் வெங்கருக்குப் பாதிப் பங்கு, மீதிப் பாதி உரிமையாளர் குரோன்கேக்கு. நான்காம் இடம் வந்தால் சாம்பியன்ஸ் லீக் பணம் வந்துவிடும், அதற்கு மேல் அவர்களுக்கு அப்போது அவசரம் இருக்கவில்லை.

ஆனால் எல்லா எதிர்ப்பும் எனக்கு ஒன்றில்லை. 2014 டிசம்பரில் ஸ்டோக்கிடம் தோற்றுவிட்டு ரயில் ஏற நின்ற வெங்கரை நடைமேடையில் சூழ்ந்து சிலர் ஏசினார்கள். அறுபத்தைந்து வயது மனிதர், வாயைத் திறக்காமல் ரயிலேறினார். அந்த வீடியோவைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. 2017-ல் வெஸ்ட் பிராம் மைதானத்துக்கு மேல் ‘ஒப்பந்தம் கூடாது’ என்று பதாகை கட்டி விமானம் பறக்கவிட்டது வேறு விஷயம். அது நிர்வாகத்துக்குச் சொன்ன செய்தி. ஆதரவாளர்களும் பதிலுக்கு ஒரு விமானம் விட்டார்கள், அதுவும் நியாயம்தான். எதற்கும் அசையாத நிர்வாகம் காலி இருக்கைகளைப் பார்த்த பிறகுதான் அசைந்தது. 2018 மார்ச் முதல் தேதி, பனி கொட்டும் இரவில் சிட்டியுடன் ஆட்டம். விற்ற டிக்கெட்டை வைத்து 58 ஆயிரம் பேருக்கு மேல் என்று அறிவித்தார்கள். டிவியில் எனக்குத் தெரிந்ததெல்லாம் வரிசை வரிசையாகச் சிவப்பு நாற்காலிகள். பனி ஒரு காரணம்தான், ஆனால் அந்த சீசனில் பனியில்லாத நாட்களிலும் இருக்கைகள் காலியாகத்தான் கிடந்தன. ஏப்ரல் 20 அன்று வெங்கர் விலகல் அறிவிப்பு வந்தது.

ஆகவே, உங்கள் ஊரில் மைதானம் இருந்து, கையில் டிக்கெட்டும் இருந்தால், போகாமல் இருங்கள்; நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதுங்கள். அந்த மனிதரை வழியில் எங்காவது பார்த்தால் வணக்கம் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே ரசிகன் செய்யலாம்.