மார்கழிக் குளிரில் ஹேமக்: முதுகு ஏன் சில்லிடுகிறது?

தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். சிங்கப்பூரிலிருந்து தம்பி வாங்கி வந்த நைலான் ஹேமக்கை (இரு முனையிலும் கயிற்றில் தொங்கும் துணிப்படுக்கை) வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், இரண்டு தூண்களுக்கு இடையே கட்டி அதில் உறங்குகிறார். மார்கழி பிறந்ததிலிருந்து, கனத்த கம்பளியைப் போர்த்திக்கொண்டாலும் நள்ளிரவுக்கு மேல் முதுகும் இடுப்பும் சில்லிட்டு விழிப்பு வந்துவிடுகிறதாம். 'மைனஸ் 10 டிகிரி தாங்கும்' என்ற உறக்கப் பையை (ஸ்லீப்பிங் பேக்) வாங்கிக்கொள்ளும்படி ஒரு வியாபாரி வற்புறுத்துகிறார். வாங்கலாமா என்று கேட்கிறார்.

வாங்க வேண்டாம். கம்பளியோ உறக்கப் பையோ சூடு தருவது அதன் இழைகளுக்குள் தேங்கி நிற்கும் காற்றினால்தான். நீங்கள் அதன்மேல் படுத்ததும் உடலின் எடை அந்தக் காற்றை நசுக்கி வெளியேற்றிவிடுவதால், முதுகுக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே மெல்லிய துணி மட்டுமே மிஞ்சுகிறது. தரையில் பாய் விரித்துப் படுத்தால் அடியில் காற்று ஓடாது. ஹேமக்கின் அடியிலோ அது இரவு முழுவதும் ஓடிக்கொண்டே இருந்து உடற்சூட்டை அள்ளிச் செல்கிறது. ஆகவேதான் காரைக்குடி வட்டாரத்து 20 டிகிரிக் குளிரே ஹேமக்கில் படுப்பவரை எழுப்பிவிடுகிறது.

தடுப்பு உங்களுக்கு மேலே அல்ல, ஹேமக்கின் அடியில் இருக்க வேண்டும். வீட்டில் இருக்கும் மெல்லிய ரஜாய் (பஞ்சு வைத்துத் தைத்த போர்வை) ஒன்றை எடுத்து, நான்கு மூலைகளிலும் எலாஸ்டிக் கயிறு கட்டி, ஹேமக்கின் வெளிப்புறத்தில் அதன் அடியைத் தொட்டும் தொடாமலும் இருக்குமாறு தொங்கவிடுங்கள். உங்கள் எடை ரஜாயின் மேல் விழக் கூடாது. விழுந்தால் அதுவும் நசுங்கிப்போகும். தலைப்பக்கமும் கால்பக்கமும் காற்று நுழையாதபடி சுருக்கிக் கட்டுவது முக்கியம். ரஜாய் இல்லையென்றால் யோகா விரிப்பை உள்ளே போட்டுக்கொள்ளலாம்; அது நழுவும், தோள்களை முழுதும் மூடாது, ஆனாலும் போர்வையைவிட மேல். அடியில் கரி அடுப்பு வைப்பதை மட்டும் கனவிலும் நினைக்காதீர்கள்: நைலான் உருகும், அடைத்த அறையில் கரிப்புகை உயிரைக் குடிக்கும்.

இந்த அடித்தடுப்பு அவ்வளவாகத் தேவைப்படாத இடம், முற்றத்துக்கு மேல் கண்ணாடியோ தகரமோ போட்டு முழுதாக மூடிய வளவு. 'எங்கள் முற்றமும் மூடியதுதான்' என்று பலர் சொல்வார்கள். விசாரித்தால் அது குரங்குக்கும் திருடனுக்கும் பயந்து போட்ட இரும்புக் கம்பி வலையாக இருக்கும். கம்பி வலை காற்றையும் தடுக்காது, பனியையும் தடுக்காது. கண்ணாடி போட்டிருந்தும் கூரைக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி விட்டிருந்தால் அதுவும் திறந்த முற்றமே. விளக்கேற்றிப் பாருங்கள், சுடர் அசையாமல் நின்றால் மட்டுமே அந்த வளவை மூடியதாகக் கொள்ளலாம்.

வியாபாரி சொல்லும் 'மைனஸ் 10' என்ன தெரியுமா? உறக்கப் பைகளுக்கான பன்னாட்டுத் தரம், சுகமாக உறங்கும் வெப்பநிலை, தாங்கும் எல்லை, உயிராபத்தை ஒட்டிய கடைசி எல்லை எனத் தனித்தனி எண்களைத் தருகிறது. விற்பவர்களில் பலர் கடைசி எண்ணையே பெரிய எழுத்தில் போடுகிறார்கள். ஹேமக் பொட்டலத்திலும் வேண்டிய எண் இருப்பதில்லை. பொட்டலத்தில் விலை, அளவு, இறக்குமதியாளர் முகவரி ஆகியவை இருந்தாக வேண்டும் என்று 2011-ஆம் ஆண்டின் எடையளவு விதிகள் சொல்கின்றன. ஹேமக்கின் கயிறு எத்தனை கிலோ இழுப்பைத் தாங்கும் என்பதை அச்சிடும்படி அவை சொல்லவில்லை. மனிதன் தொங்கப்போகும் பொருளுக்கு விலைச்சீட்டுதான் முக்கியம் என்றால் என்ன சொல்வது?

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். வளவுத் தூண்கள் மேலிருந்து இறங்கும் பாரத்தைத் தாங்க நிறுத்தப்பட்டவை. பக்கவாட்டு இழுப்புக்காக அல்ல. 70 கிலோ எடையுள்ளவர் படுக்கும்போது, கயிறு தரைமட்டத்துக்கு 30 டிகிரி சரிவில் இருந்தால் ஒவ்வொரு பக்கமும் 70 கிலோ இழுக்கும். விறைப்பாகக் கட்டி 10 டிகிரி ஆக்கினால் அது 200 கிலோவாகும். 5 அடி தூரத்துக்கு ஏறத்தாழ 3 அடி இறங்குவதே சரியான சரிவு. பழைய தூண்களை நம்புவதைவிட இரும்புக் குழாய் ஸ்டாண்டு வாங்கிக்கொள்ளுங்கள். 'சுவரில் கொக்கி அடித்துத் தருகிறேன்' என்று வருபவரை உள்ளே விடாதீர்கள். துளைபோட்ட சுண்ணாம்புப் பூச்சைப் பழையபடி பூசித்தரும் கொத்தனார் எளிதில் கிடைப்பதில்லை. அதைவிடக் கவலைப்பட வேண்டியது, கொக்கிக்கு அளவெடுக்க வந்தவர் 'இந்தத் தூணில் கரையான் இறங்கிவிட்டது, எடுத்துக்கொண்டு புதியது நிறுத்தித் தருகிறேன்' என்று பேச்சைத் திருப்புவது. பழைய பர்மாத் தேக்குத் தூணுக்கு வெளியூரில் என்ன விலை என்பது அவருக்குத் தெரியும். வீட்டில் பங்குள்ள, வெளியூரில் இருக்கும் உங்கள் பங்காளிகளுக்குத் தெரியாது. கரையான் சந்தேகம் இருந்தால், தூணை வாங்க விரும்பாத ஆசாரி ஒருவரைக் கூப்பிட்டுத் தட்டிப்பார்க்கச் சொல்லுங்கள்.

ரஜாய் கட்டிய முதல் இரவில் இடுப்பு மட்டும் குளிர்ந்தால் நடுவில் அது தொய்ந்திருக்கிறது என்று பொருள். எலாஸ்டிக்கை ஒரு விரற்கடை இறுக்குங்கள். தோள் குளிர்ந்தால் ரஜாயைத் தலைப்பக்கம் நகர்த்துங்கள். நேராகப் படுக்காமல் சற்றே குறுக்காகப் படுத்தால் முதுகு வளையாது. ரஜாயையும் அதே சாய்வில் கட்டிக்கொள்ளுங்கள்.